‘ரன்’ என்ற சொல்: ஓடுவதும் ஓட்டுவதும்

உங்கள் கேள்வி இது: ‘ரன்’ என்ற சின்னச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் 645 பொருள் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அலுவலகத்தில் மேலாளர் ‘ரன் இட் பை மீ’ என்றதும் எதை எடுத்துக்கொண்டு எங்கே ஓடுவது என்று விழித்திருக்கிறீர்கள். இத்தனையையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். எண்ணிக்கை உங்களுக்கு உண்மையில் முக்கியமில்லை என்று நினைக்கிறேன். ஒரு வாக்கியத்தில் அந்தச் சொல் வந்தால், எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று பிடிக்க வழி உண்டா என்பதுதான் கேள்வி. உண்டு. தமிழ் பேசுகிறவருக்கு அதில் பாதி வழி ஏற்கெனவே தெரியும்.

அந்த 645ஐ முதலில் முடித்துவிடுவோம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் ‘ரன்’ வினைச்சொல்லின் பதிவைத் திருத்தி எழுத ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டார். 2011இல் அந்த எண்ணிக்கை செய்தியானது: வினைச்சொல்லுக்கு மட்டும் 645. அதற்கு முன், 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில், ‘செட்’தான் முதலிடம், 430 பொருள், 60,000 சொல் நீளம். இதுவரை உறுதி. ஆனால் பொருளை எண்ணுவது தேங்காய் எண்ணுவது போல அல்ல. பஸ் ஓடுவதும் கடிகாரம் ஓடுவதும் ஒரே பொருள் என்பார் ஒருவர், இரண்டு என்பார் இன்னொருவர். அதோடு அது வரலாற்று அகராதி. வழக்கொழிந்தவை, கப்பல்காரர்கள் மட்டும் சொன்னவை எல்லாம் அதில் கணக்கு. அன்றாடம் படிக்கவும் பேசவும் முப்பது நாற்பது தெரிந்தால் தாராளம், அவையும் ஐந்தாறு கொத்தாகச் சேர்ந்துவிடும் என்பது என் மதிப்பீடு.

பள்ளியில் ‘ரன் என்றால் ஓடு’ என்று கற்கும்போதே காலால் ஓடும் ஓர் ஆள் மனதில் படமாகிவிடுகிறார். அந்தப் படத்தை மாற்றுங்கள். ஆளுக்குப் பதில் வாய்க்காலில் ஓடும் தண்ணீரை வையுங்கள். பழைய ஆங்கிலத்திலேயே ஆளும் ஓடினான், நீரும் ஓடியது. ஜெர்மன் மொழியில் இன்றும் ‘ரின்னன்’ என்றால் நீர் வழிந்தோடுவது, ‘ரென்னன்’ என்றால் ஆள் ஓடுவது. இரண்டும் ‘ரன்’னின் உறவுச் சொற்கள். ஆக, வேகத்தைவிட இடைவிடாத போக்குதான் இச்சொல்லின் உயிர். நம் ‘ஓடு’வும் அப்படித்தான். ஆறு ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, படம் 100 நாள் ஓடுகிறது, சுவரில் விரிசல் ஓடுகிறது, மனதில் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது. எதற்கும் கால் கிடையாது. இவற்றில் பெரும்பாலானவற்றை ஆங்கிலத்தில் ‘ரன்’ போட்டே சொல்லலாம். வல்லாரை போன்ற செடிகளின் ஓடுதண்டுக்கு ஆங்கிலத்தில் ‘ரன்னர்’. ஓடு என்பதிலிருந்து நமக்கு ஓடை கிடைத்தது போல, அமெரிக்காவின் சில பகுதிகளில் சிற்றோடைக்கே ‘ரன்’ என்று பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861 ஜூலையில் ‘புல் ரன்’ சண்டை நடந்ததாகப் படிக்கும்போது காளைகள் ஓடியதாக எண்ண வேண்டாம். விர்ஜீனியாவில் உள்ள ஓர் ஓடையின் பெயர் அது.

அடுத்ததுதான் முக்கியமான திறவுகோல். தமிழில் ஓடு வேறு, ஓட்டு வேறு. தானாக நடப்பது ஓடு, பிறர் நடத்துவது ஓட்டு. ஆடு–ஆட்டு, கூடு–கூட்டு என்று இது நம் மொழியின் அடிப்படைச் சட்டகம். பழைய ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு இருந்தன: தான் ஓடுவதற்கு ‘ரின்னன்’ அல்லது ‘இர்னன்’, ஓடச் செய்வதற்கு ‘ஏர்னன்’. ஸ்காண்டிநேவியர்கள் கொண்டுவந்த சொற்களிலும் இதே இரட்டை உண்டு. நாளடைவில் எல்லாம் ஒன்றாகக் கரைந்து ஒரே ‘ரன்’ ஆகிவிட்டது. ‘லை–லே’ (கிட–கிடத்து), ‘ரைஸ்–ரெய்ஸ்’ (எழு–எழுப்பு) போன்ற சோடிகளில் மட்டும் அந்தப் பழைய வேறுபாடு ஆங்கிலத்தில் இன்னும் தப்பிப் பிழைத்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலம் தொலைத்ததை நாம் கலப்புப் பேச்சில் திருப்பிக் கொடுத்துவிட்டோம்: ‘புரோகிராம் ரன் ஆகுது’ என்றால் ஓடுகிறது, ‘புரோகிராமை ரன் பண்ணு’ என்றால் ஓட்டு. ஆங்கிலத்தில் இந்த ‘ஆகு’வும் ‘பண்ணு’வும் கண்ணுக்குத் தெரியாது. அவற்றை நீங்கள்தான் கண்டுபிடித்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. ‘ரன்’னுக்குப் பின்னால் ‘ஆன்’, ‘இன்’ போன்ற முன்னிடைச் சொல் எதுவும் இல்லாமல் நேராக ஒரு பொருட்பெயர் வந்தால் அது பெரும்பாலும் ஓட்டு. ‘ஷீ ரன்ஸ்’ என்றால் அவர் ஓடுகிறார். ‘ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்’ என்றால் பள்ளி நடத்துகிறார். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் ‘ரேன் அக்ரவுண்ட்’, தரைதட்டியது. மாலுமி தரைதட்ட வைத்தார் என்றால் அதே சொல்லின் பின்னால் கப்பலைப் போட்டு ‘ரேன் த ஷிப் அக்ரவுண்ட்’ என்பார்கள். விதிவிலக்கு அளவுப் பெயர்கள்: ‘ரன் எ மைல்’, ‘ரன் எ மாரத்தான்’ என்றால் மைலை ஓட்டுவது அல்ல, அவ்வளவு தூரம் ஓடுவது.

ஓட்டு என்று தெரிந்த பிறகு எந்தத் தமிழ் வினை பொருந்தும் என்பது பின்னால் வரும் பெயரைப் பொறுத்தது. கடை, கம்பெனி, பள்ளி என்றால் நடத்து. ‘தே ஆர் ரன்னிங் ஸ்பெஷல் பஸ்ஸஸ்’ என்றால் ஸ்பெஷல் பஸ் விடுகிறார்கள். மோட்டார் என்றால் போடு. பத்திரிகை ‘ரேன் த ஸ்டோரி’ என்றால் செய்தியைப் போட்டது. மருத்துவர் டெஸ்டை ‘ரன்’ செய்தால் டெஸ்ட் எடுக்கிறார். குழாயை ‘ரன்’ செய்தால் திறந்துவிடு, ‘ரன் எ பாத்’ என்றால் குளிக்கத் தொட்டியில் நீர் நிரப்பு, ‘ரன் எ ஃபீவர்’ என்றால் காய்ச்சல் அடிக்கிறது. ‘ரன் எ ரிஸ்க்’ என்றால் ஆபத்துக்கு இடம் கொடுப்பது. ‘ரன் என் எரண்ட்’ என்றால் கடைகண்ணிக்கோ வங்கிக்கோ சின்ன வேலையாகப் போய்வருவது. இதில் யாரும் ஓடுவதில்லை, ஓட்டுவதுமில்லை.

எதிர்த்திசையில் போகும்போதுதான் வழுக்கும். தமிழ் ‘ஓட்டு’ வருகிற இடத்தில் எல்லாம் ‘ரன்’ போட முடியாது. கார் ஓட்டுவது ‘டிரைவ்’, சைக்கிளும் பைக்கும் ஓட்டுவது ‘ரைட்’. ‘ரன் எ கார்’ என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால், காரை வைத்துக் கட்டி மேய்ப்பது: பெட்ரோல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் செலவு. ‘ஐ காண்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்’ என்பவருக்கு ஓட்டத் தெரியாது என்று பொருள் இல்லை, கட்டுப்படியாகாது என்றுதான் பொருள். குடும்பத்தை ஓட்டுவதை ‘ரன் எ ஃபேமிலி’ என்றால் ஒட்டாது. வருமானத்தால் காப்பது ‘சப்போர்ட் எ ஃபேமிலி’, வீட்டு நிர்வாகம் ‘ரன் எ ஹவுஸ்ஹோல்ட்’. பொழுதை ஓட்டுவது ‘பாஸ் த டைம்’. ‘ஆபீஸ்ல என்னை ஓட்டுறாங்க’ என்பதற்கு ‘ரன்’னோடு எந்தத் தொடர்பும் இல்லை, அங்கே ‘டீஸ்’ போதும்.

‘ஓடு’ பக்கத்திலும் இடைவெளி உண்டு. மூக்கு ஒழுகுவது ஆங்கிலத்தில் ‘ரன்’தான். துணியில் சாயம் போகிறது என்று நாம் ஒரே வார்த்தையில் முடிப்பதை ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கும். வெயிலில் வெளுப்பது ‘ஃபேட்’; சாயம் நீரில் இறங்கிப் பக்கத்துத் துணியில் ஒட்டிக்கொள்வது ‘ரன்’. புதுச் சிவப்புப் புடவையை வெள்ளைச் சட்டையோடு ஊறவைத்தால் நடப்பது இரண்டாவது. கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் புகார் எழுதும்போது ‘ஃபேட்’ என்று எழுதிவிட்டால், வெயிலில் காயப்போட்டீர்களா என்று பதில் வரும். வண்டி டீசலில் ஓடுகிறது என்பதற்கு ‘ரன்ஸ் ஆன் டீசல்’. ‘பை’யோ ‘வித்’தோ அல்ல. ஒரு குணமோ நோயோ குடும்பத்திலேயே வருவது ‘ரன்ஸ் இன் த ஃபேமிலி’.

காலம் காட்டும் விதத்திலும் ஒரு தவறு பரவலாக இருக்கிறது. ‘இந்தச் சாலை ஆற்றை ஒட்டிப் போகிறது’ என்று நாம் சொல்வதை ‘த ரோடு ரன்ஸ் அலாங் த ரிவர்’ என்பார்கள். சாலை நகர்வதில்லை, பார்ப்பவரின் கண்தான் அதன் மேல் நகர்கிறது. வேலி, ஒயர், குழாய், தழும்பு, எல்லைக்கோடு எல்லாம் இதே வகை. இங்கே ‘இஸ் ரன்னிங்’ போட்டால் சாலை எழுந்து ஓடுவது போல இருக்கும். அட்டவணைப்படி நடப்பதற்கும் சாதாரண நிகழ்காலமே சரி: இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் ‘த பஸ் ரன்ஸ் எவ்ரி ட்வென்ட்டி மினிட்ஸ்’. இன்றைக்கு, இப்போது, தற்காலிகமாக என்றால் மட்டும் ‘இஸ் ரன்னிங்’. ‘த டிரெயின் இஸ் ரன்னிங் லேட்’ அப்படித்தான் சரியாகிறது.

அந்த ‘ரன்னிங் லேட்’ இன்னொரு கொத்துக்கு வாசல். ‘ரன்’னுக்குப் பின் பண்பைக் குறிக்கும் சொல் வந்தால் அதைத் தமிழில் ‘ஆகு’ அல்லது ‘போய்விடு’ என்று எடுங்கள். ‘ரன் டிரை’ வற்றிப்போவது, ‘ரன் லோ’ குறைந்துபோவது, ‘ரன் ஷார்ட்’ பற்றாமல் போவது, ‘ரன் வைல்ட்’ கட்டுக்கடங்காமல் போவது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய சென்னையின் குடிநீர் ஏரிகள் நான்கும் வறண்டபோது ஆங்கிலச் செய்திகளில் வந்த ‘ரேன் டிரை’ இதுதான். கவனித்தால், இந்தச் சேர்க்கைகளில் பெரும்பாலானவை கெட்ட திசையில் போகிறவை. ‘ரன் ஃபுல்’, ‘ரன் ஹேப்பி’ என்று யாரும் சொல்வதில்லை. அதனால் நீங்களாகப் புதுச் சேர்க்கை உண்டாக்காமல், கேட்டவற்றை மட்டும் பயன்படுத்துவது பாதுகாப்பு.

உங்களைத் தடுமாற வைத்தது இதுவெல்லாம் அல்ல, பின்னொட்டாக வரும் சின்னச் சொற்கள். ‘ரன் அவுட்’ என்றதும் நமக்கு ஸ்டம்ப் சிதறுவதுதான் கண்ணில் வரும். அலுவலகத்தில் அது தீர்ந்துபோவது. இங்கே தமிழும் ஆங்கிலமும் எழுவாயில் பிரிகின்றன. நமக்குப் பால்தான் தீரும். ஆங்கிலத்தில் பாலும் தீரலாம், ஆளும் ‘தீரலாம்’. ஆள் எழுவாயாக இருந்தால் ‘ஆஃப்’ கட்டாயம்: ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’. பொருள் எழுவாயானால் ‘ஆஃப்’ வராது: ‘த மில்க் ஹேஸ் ரன் அவுட்’. ‘வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம்’, ‘டைம் இஸ் ரன்னிங் அவுட்’ இரண்டும் ஒன்றே. இரண்டையும் கலந்து ‘மில்க் இஸ் ரன் அவுட்’ என்றால் பால் கிரீசைத் தொடாமல் ஆட்டமிழந்தது என்று ஆகிவிடும்.

‘ரன் இன்டு’ நான்கு வேலை செய்யும். வண்டி மரத்தில் மோதுவது, தெரிந்தவரை எதிர்பாராமல் பார்ப்பது, சிக்கலில் மாட்டுவது, தொகை லட்சக்கணக்கில் போவது. ‘ஐ ரேன் இன்டு யுவர் அங்கிள்’ என்று ஒருவர் சொன்னால் பதற வேண்டாம். பின்னால் வருவது ஆள் என்றால் பெரும்பாலும் வழியில் பார்த்தது, சுவரோ மரமோ என்றால் மோதியது, ‘டிரபிள்’, ‘பிராப்ளம்ஸ்’ என்றால் மாட்டியது, எண் என்றால் தொகை. பதற வேண்டியது ‘ரன் ஓவர்’ என்பதற்கு, அதுவும் பின்னால் ஆளோ நாயோ இருந்தால்: வண்டியை ஏற்றிவிட்டார்கள். கூட்டம் ‘ரேன் ஓவர்’ என்றால் குறித்த நேரத்தைத் தாண்டியது. குறிப்புகளை ‘ரன் ஓவர்’ செய்தால் மேலோட்டமாக இன்னொரு முறை பார்ப்பது. இங்கே சொல்வரிசையும் உதவும்: வண்டி ஏற்றியதில் ‘இட்’, ‘ஹிம்’ போன்ற சுட்டுச்சொல் நடுவில் போகும், ‘ரேன் ஹிம் ஓவர்’. குறிப்பைப் பார்த்ததில் கடைசியில் நிற்கும், ‘ரேன் ஓவர் தெம்’.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். ‘ரன் அப்’ கடனோ பில்லோ ஏறிப்போகும்படி விடுவது. ‘ரன் டவுன்’ பேட்டரி இறங்குவது, ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவது, உடல் அசந்துபோவது. கட்டடத்தைச் சொன்னால் பராமரிப்பில்லாமல் இடிந்து கிடப்பது. ‘ரன் த்ரூ’ தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. ‘ரன் ஆஃப்’ (off) பிரதிகள் எடுப்பது; ‘ரன் ஆஃப் வித்’ என்றால் ஒருவரோடு ஓடிப்போவது, அல்லது ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. ‘ரன் வித்’ பிறர் தந்த யோசனையை எடுத்துக்கொண்டு முன்னே கொண்டுபோவது. அலுவலகங்களில் ‘ரன் வித் இட்’ என்றால் பச்சைக்கொடி காட்டிவிட்டார்கள்.

‘ரன்னிங்’ என்ற வடிவத்தில் நாமே உண்டாக்கிய வழக்குகள் தனிக் கதை. ‘ஓடுற பஸ்ல ஏறாதே’ என்பதை ‘ரன்னிங் பஸ்’ என்கிறோம். வெளிநாட்டார் ‘மூவிங் பஸ்’ என்பார்கள். தச்சரும் கிரானைட் போடுபவரும் சொல்லும் ‘ரன்னிங் ஃபீட்’ நீள அடிக் கணக்கு, அகலம் பார்க்காத விலை. வெளியில் ‘லீனியர் ஃபுட்’ என்றால் சட்டென்று புரியும். ஜவுளிக்கடையில் ‘ரன்னிங் பிளவுஸ்’ என்றால் புடவையோடு சேர்ந்தே நெய்து வரும் ரவிக்கைத் துணி. கான்ட்ராக்டர்கள் பேசும் ‘ஆர்.ஏ. பில்’லில் ‘ஆர்’ என்பது ‘ரன்னிங்’: வேலை நடக்க நடக்கத் தவணையாகப் போடும் பில். இவை எல்லாம் தத்தம் தொழிலில் சரியான சொற்களே, தவறென்று திருத்தப் போக வேண்டாம். திருத்த வேண்டியது ஒன்று உண்டு. ‘25 முடிஞ்சு 26 ஓடுது’ என்பதை ‘26 ரன்னிங்’ என்று ஆங்கிலத்தில் எழுதாதீர்கள். எண்ணும் காலமும் சொல்லிப் பின்னால் ‘ரன்னிங்’ போட்டால் ‘தொடர்ச்சியாக’ என்று பொருள். ‘த்ரீ இயர்ஸ் ரன்னிங்’ என்றால் அடுத்தடுத்து மூன்று ஆண்டு. வயதைச் சொல்ல ‘ஐ ஆம் ட்வென்ட்டி ஃபைவ்’ போதும்.

பெயர்ச்சொல்லாக வரும்போது ‘தொடர்ச்சி’ என்ற எண்ணமே மேலோங்கும். ‘எ ரன் ஆஃப் பேட் லக்’ அடிமேல் அடி. ‘பிரின்ட் ரன்’ ஒரே ஓட்டத்தில் அச்சடிக்கும் பிரதிகள். ‘இன் த லாங் ரன்’ நாள்போக்கில். ‘ரன் ஆஃப் த மில்’ ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் அப்படியே வரும் சரக்கு, அதனால் ‘சராசரி’. வங்கியின் மேல் ‘ரன்’ என்றால் பணம் போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்கப் படையெடுப்பது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முனைந்தது சமீப உதாரணம். முன்னால் ‘த’, பின்னால் ‘ஸ்’ போட்டு ‘த ரன்ஸ்’ என்றால் மட்டும் வயிற்றுப்போக்கு. கிரிக்கெட் ஸ்கோர் பேசும்போது ‘ஐ ஹேட் த ரன்ஸ்’ என்று சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்தலில் அமெரிக்கர்கள் ‘ரன்’ செய்வார்கள், பிரிட்டிஷ்காரர்கள் ‘ஸ்டாண்ட்’ செய்வார்கள். நம் ‘தேர்தலில் நிற்கிறார்’ இரண்டாவதோடு ஒத்துப்போகிறது. இந்தியச் செய்தித்தாள்களில் வரும் ‘கான்டெஸ்ட் த எலெக்‌ஷன்’ அமெரிக்கர் காதில் முடிவை எதிர்த்து வழக்காடுவதாக விழலாம், கவனம். துணை அதிபர் வேட்பாளரைக் குறிக்கும் ‘ரன்னிங் மேட்’ குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது: ஒரே லாயத்துக் குதிரைக்கு வேகம் அமைத்துக் கொடுக்கக் கூடவே ஓடவிடும் குதிரை.

சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பவருக்கு இரண்டு இடங்கள் முக்கியம். தண்டனைகள் ‘ரன் கன்கரன்ட்லி’ என்றால் நம் நாளிதழ்கள் எழுதும் ‘ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’. ‘கன்செக்யூட்டிவ்லி’ என்றால் ஒன்று முடிந்து மற்றொன்று. வழக்குத் தொடுக்கக் கெடு விதிக்கும் 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் மூன்றாம் பத்திக்குத் தலைப்பே காலம் எப்போது ‘ரன்’ ஆகத் தொடங்குகிறது என்பதுதான். அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஒருமுறை ஓடத் தொடங்கிய காலம் பின்னால் வரும் இயலாமையால் நிற்காது என்கிறது. இங்கே ‘ஓடத் தொடங்கும்’ என்றே மொழிபெயர்த்தாலும் பிழையில்லை. ‘கணக்கிடப்படும்’ என்று மாற்றினால், நிற்காத ஓட்டம் என்ற சாயல் போய்விடும்.

சொல்வரலாறு பேசும்போது கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். ‘ரன் த காண்ட்லெட்’ என்பதில் உள்ள சொல்லுக்கும் இரும்புக் கையுறைக்கும் தொடர்பில்லை. இரு வரிசையாக நின்று அடிப்பவர்களின் நடுவே ஒருவனை ஓடவிடும் ராணுவத் தண்டனைக்கான ஸ்வீடிஷ் சொல் உருமாறியது அது. வெறிகொண்டு தாக்கித் திரிவதைக் குறிக்கும் ‘ரன் அமோக்’ மலாய் மொழியின் ‘அமுக்’. இவை நிலைபெற்ற விளக்கங்கள். ஒத்திகையைக் குறிக்கும் ‘டிரை ரன்’ அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் இல்லாமல் செய்த பயிற்சியிலிருந்து வந்தது என்பது பொருத்தமாகத் தோன்றினாலும், வறண்ட ஓடைக்கும் அங்கே அதே பெயர் இருப்பதால் அடித்துச் சொல்ல முடியாது. இயந்திரங்கள் பெருகியதால்தான் ‘ரன்’னுக்கு இத்தனை பொருள் வந்தது என்பதும் பாதி உண்மையே. ஆலையும் ரயிலும் கணினியும் பல பொருள்களைச் சேர்த்தன. ஆனால் ஓடும் தண்ணீர், ஓடும் காலம், ஓடும் கப்பல் எல்லாம் அவற்றுக்கு வெகு முந்தியவை.

வடிவத்தில் ஒரே ஒரு பொறி. நிகழ்காலம் ‘ரன்’, இறந்தகாலம் ‘ரேன்’, ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ வந்தால் மறுபடியும் ‘ரன்’. ‘ஐ ஹேவ் ரேன்’ தவறு. நாம் பேசும்போது இரண்டையும் ஒரே மாதிரி உச்சரித்துவிடுவதால் எழுத்திலும் குழப்பம் வருகிறது.

இனி உங்கள் மேலாளர். ‘ரன் இட் பை மீ’ என்பதில் ‘ரன்’னுக்குப் பின் ‘இட்’ நேராக வருகிறது, ஆகவே ஓட்டு. ‘பை மீ’ என்றால் என் பக்கமாக. அதை என் கண்முன்னால் ஒருமுறை ஓட்டிக் காட்டு, அதாவது வெளியே அனுப்பும் முன் என்னிடம் காட்டிக் கருத்துக் கேள். ‘ரன் இட் பாஸ்ட் மீ’ என்றாலும் அதேதான். ஒப்புதல் கையெழுத்து வாங்குவது அளவுக்கு இது கனமானது அல்ல, ஆனால் கேட்காமல் அனுப்பிவிட்டால் கோபம் வரும். ஒரே விஷயத்தை ‘ரன் தட் பை மீ அகெய்ன்’ என்று ‘அகெய்ன்’ சேர்த்துச் சொன்னால் மட்டும் வேறு: நீங்கள் சொன்னது புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்கிறார்.